சாம்பலனுக்கு ஒரு முகம்

அடையாளம் என்ற சொல்லை இனி எவராவது என் காதுபடச் சொன்னால், கையில் இருக்கும் பசை டப்பாவை அவர் தலையில் கவிழ்த்துவிடுவேன். இயக்குநர், செயலாளர், பெரியவர், சின்னவர் என்றெல்லாம் பார்க்கமாட்டேன். அந்தப் படத்தின் இரண்டாம் பாகம் எடுத்து முடிப்பதற்குள் அந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஆளாளுக்கு ஒரு முகத்தைப் பற்றிப் பேசினார்கள். அந்த முகத்துக்குச் சொந்தக்காரன் மட்டும் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். அவன் என் கூடப்பிறந்த தம்பி.

சினிமாவுக்கு முகமூடி செய்வது என் தொழில். தீக்காயம், கிழத்தோல், பேய், பிசாசு, வேற்றுக்கிரகத்து ஆள், எது கேட்டாலும் ரப்பரில் வார்த்துக் கொடுப்பேன். முதல் பாகத்துக்கு என்னை அழைத்தபோது கதையை இப்படிச் சொன்னார்கள்: ஒரு நகரம் அளவுக்குப் பெரிய விண்கப்பல். பூமியை விட்டுப் புறப்பட்டுப் பல தலைமுறை ஆகிவிட்டது. மேல்தளத்தில் இருப்பவர்களுக்கு நல்ல காற்று. கீழ்த்தளத்தில் எந்திரங்களோடு கிடப்பவர்களுக்குப் புகை. அதனால் கீழ்த்தளத்தார் பிறந்ததிலிருந்து சாகிற வரைக்கும் முகம் முழுக்க மூச்சுக்கவசம் போட்டுக்கொண்டே வாழ்கிறார்கள். அவர்களுக்காகக் கலகம் செய்து கதவை உடைக்கிற தலைவன் பெயர் சாம்பலன்.

சாம்பலனாக நடிக்க, கவசத்தின் கனம் தாங்குகிற ஒரு உடம்பு வேண்டும் என்றார்கள். மூட்டை தூக்கி உரமேறிய தோள் என் தம்பிக்கு. நானே கூட்டிக்கொண்டு போனேன். அவன் முகத்தில் மாவு பூசி அச்செடுத்து, அந்த அச்சின் மேல்தான் கவசத்தை வார்த்தேன். சாம்பல் நிறத்தில் தலையோடு மாட்டுகிற கவசம் அது. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, வாய்க்குச் சல்லடை. கழுத்தைத் திருப்பும்போது தோல் மாதிரி கூடவே அசைய வேண்டும் என்பதற்காகக் கழுத்தைச் சுற்றிப் பசை போட்டு ஒட்டிவிடுவேன். ஒட்டிவிட்டால் எண்ணெய் போட்டு ஊற வைத்துத்தான் எடுக்க முடியும். அவசரப்பட்டு இழுத்தால் தோலும் கூட வரும்.

உள்ளே அவன் வெந்து கிடந்தான். சல்லடையில் ஓர் ஓட்டை போட்டு உறிஞ்சுகுழாய் வழியாகத் தண்ணீர் கொடுப்போம். குரலும் அவனுடையது இல்லை. கவசத்துக்குள்ளிருந்து பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது என்று வேறு ஒருவரைப் பேச வைத்தார்கள். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, சாப்பாடு சப்ளை செய்தவருக்கும் வண்டி ஓட்டியவர்களுக்கும் கீழே அவன் பெயரும் வந்தது. அதற்குள் தியேட்டரில் விளக்கைப் போட்டுவிட்டார்கள். படப்பிடிப்புத் தளத்தில் யாருக்கும் அவன் பெயர் தெரியாது. அன்றாட வேலைத்தாளில் 'பாடி' என்று போட்டிருந்ததால் எல்லாரும் அவனை பாடி என்றே கூப்பிட்டார்கள். ஒருநாள் மேனேஜர் எங்கள் வீட்டுக்குப் போன் செய்து, "பாடியை எப்ப எடுக்க வரலாம்?" என்று கேட்டதும் எங்கள் அம்மா ஐயோ என்று அலறிக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

படம் ஓடியது என்றால் அப்படி ஒரு ஓட்டம். சட்டையில் சாம்பலன், சுவரில் சாம்பலன், பைக் பெட்ரோல் டேங்கில் சாம்பலன். கால்வாய்க்கரையில் வீடுகளை இடிக்க எந்திரம் வந்தபோது அங்கே இருந்த சனங்கள் அத்தனை பேரும் பிளாஸ்டிக் சாம்பலன் முகமூடியை மாட்டிக்கொண்டு எந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அது செய்தியில் வந்தது. அதற்குப் பிறகு சாம்பலன் சினிமாக்காரன் இல்லை, கால்வாய்க்கரைக்காரன் ஆகிவிட்டான். என் தம்பிக்குப் பெருமை தாங்கவில்லை. நடைபாதைக் கடையில் அந்த பிளாஸ்டிக் முகமூடியை ஒன்று வாங்கிப் போட்டுப் பார்த்தான். கடைக்காரன் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "உங்க மூஞ்சிக்கு இது எடுப்பா இல்லண்ணே, வேற காட்டட்டுமா?" என்றானாம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் சிரித்தாலும் அவன் பெண்டாட்டிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அண்ணன் ஒரு தினுசான ஆள். பாத்திரக்கடை வைத்திருக்கிறான். நாலு பேர் கூடுகிற இடத்தில்தான் அவனுக்கு நாக்கு அரிக்கும்.

"மாப்பிள்ள நடிக்கிறார்னு சொல்றீங்க, நானும் எல்லாப் படத்தையும் பாக்குறேன், ஆளக் காணோமே?"

"அவர்தாண்ணே சாம்பலன்."

"அப்படியா? முகமூடிக்குள்ள யார் வேணா இருக்கலாமே. நான்கூட இருந்தேன்னு சொல்லலாம்."

எல்லாரும் சிரிப்பார்கள். தம்பியும் சேர்ந்து சிரிப்பான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன். ஆனால் அன்றைக்கு இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்தான் என்று அவள் மறுநாள் என்னிடம் சொல்லி அழுவாள். அவன் காசு பணம் எதுவும் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை திரையில் தன் முகம் தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. முதல் பாகம் முடிந்த அன்று இயக்குநரே அவன் தோளில் கை போட்டு, "ரெண்டாம் பாகத்துல கவசம் கழலும்யா. உன் முகத்தைக் காட்டறேன். இது என் வாக்கு" என்று சொல்லியிருந்தார். அந்த வாக்கை அவன் மடியில் முடிந்துகொண்டு காத்திருந்தான்.

இரண்டாம் பாகத்தின் கதையை வாசித்தபோது நாங்கள் இருவரும் போயிருந்தோம். வசனகர்த்தா வாசிக்க வாசிக்க இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

கலகம் ஜெயித்துவிட்டது. ஆட்சி இப்போது கீழ்த்தளத்தார் கையில். ஆனால் உண்மையான கீழ்த்தளத்தார் யார் என்று அவர்களுக்குள்ளேயே சண்டை. மூன்று தலைமுறையாகப் புகையில் பிறந்தவர்களுக்கு மட்டுமே பதவி என்று சட்டம் போடுகிறார்கள். கடைசியில் சாம்பலனையே சபையில் நிறுத்தி, "நீ யார்? எங்கே பிறந்தாய்?" என்று கேட்கிறார்கள். அவன் கவசத்தைக் கழற்றுகிறான். பார்த்தால், மேல்தளத்தில் பிறந்தவன்! பிறப்பா பெரிது, நின்ற பக்கம் பெரிதா என்பதுதான் படம்.

"இது படமே இல்ல. ஒரு விவாதம்" என்றார் இயக்குநர்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் சிலிர்த்தது. தம்பியைப் பார்த்தேன். அவன் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தான். அப்போதுதான் தயாரிப்பாளர் வாயைத் திறந்தார். கழற்றினால் தெரிகிற முகம் ஒரு பெரிய நடிகருடைய முகமாக இருக்க வேண்டும், பேசி முடித்தாகிவிட்டது என்றார்.

"சார், நீங்க வாக்குக் கொடுத்திருக்கீங்க" என்றேன் இயக்குநரிடம்.

"கொடுத்தேன்மா. ஆனா மேல்தளத்து முகம்னா ஒரு களை வேணும் இல்லியா? உன் தம்பி முகம்... எப்படிச் சொல்றது... கொஞ்சம் கால்வாய்க்கரையா இருக்கு." பிறகு தம்பி பக்கம் திரும்பி, "மனசுல வெச்சுக்காதய்யா. உன் உடம்பு, அவர் முகம். ரெண்டும் சேர்ந்தாதான் சாம்பலன்" என்றார்.

"சரிங்க சார்" என்றான் தம்பி. அவன் சரி என்றதும் எனக்கு வந்த கோபம் இயக்குநர் மேல் வந்ததைவிட அதிகம். பிறப்பா பெரிது என்று கேட்கிற படத்துக்கு மூஞ்சியைப் பார்த்து ஆள் எடுக்கிறார்கள், இவன் சரிங்க சார் என்கிறான்.

கதை எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. மறுவாரம் ஸ்டூடியோ வாசலில் பிளாஸ்டிக் முகமூடிகள். இடிப்பை எதிர்த்து உட்கார்ந்த அந்தக் கால்வாய்க்கரை இயக்கத்தார் திரண்டு வந்து, எங்கள் சாம்பலனை மேல்தளத்தானாக்க நீ யார் என்று கோஷம் போட்டார்கள். இரண்டாம் பாகத்தின் கூட்டக் காட்சிகளுக்கு அவர்களைத்தான் ஆள் எடுத்திருந்தது கம்பெனி. அவர்கள் வரவில்லை என்றால் சபையில் கூட்டமே இல்லை. தயாரிப்பாளருக்கு வியர்த்துவிட்டது. இயக்கத்தின் செயலாளரை உள்ளே கூப்பிட்டுப் பேச்சுவார்த்தை வைத்தார்கள். கவசத்துக்கு அளவு பார்க்கத் தம்பியை நான் வரச் சொல்லியிருந்ததால், நாங்களும் அந்த அறையில் ஓரமாக உட்கார்ந்திருந்தோம்.

செயலாளர் ஓர் அம்மாள். என் வயதுதான் இருக்கும். குரல் மட்டும் அந்த அறையில் இருந்த எல்லாருடையதையும் விடப் பெரிது.

"சாம்பலன் உங்க கம்பெனிச் சொத்து இல்ல. அவன் எங்க அடையாளம்" என்றார்.

"அடையாளம்ங்கறதே மாறிட்டே இருக்கற ஒண்ணுதானேம்மா" என்றார் இயக்குநர்.

"உங்களுக்கு மாறும். எங்களுக்கு வீடு இடிஞ்சாத்தான் மாறும். அவன் முகத்தைக் காட்டறதுன்னா கால்வாய்க்கரையில பொறந்த முகமா இருக்கணும். இல்லன்னா ஒரு ஆளும் வரமாட்டோம்."

எனக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல இருந்தது. எழுந்து நின்று, "அம்மா, இதோ உக்காந்திருக்கான் பாருங்க, இவன்தான் சாம்பலன். கால்வாய்க்கரையில பொறந்தவன்" என்றேன்.

செயலாளர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். தம்பி டீக் கோப்பையோடு பாதி எழுந்து பாதி உட்கார்ந்தான்.

"யார் இவர்?"

"அவர் பாடிங்க" என்றார் மேனேஜர்.

"எந்தச் சந்து நீங்க?" என்று செயலாளர் என்னிடம் கேட்டார்.

"பம்ப்ஹவுஸ் சந்து."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"அடுக்குமாடியில. முதல் தடவை இடிச்சப்ப எங்களுக்கு அங்க வீடு குடுத்தாங்க."

"ஓ." அந்த ஓவில் ஒரு கதவு சாத்திக்கொண்டது. "மாத்து வீடு வாங்கிட்டுப் போனவங்க. நாங்க மண்டை ஒடைய நின்னப்ப மூட்டை கட்டிட்டுக் கெளம்பினவங்க. தப்பா எடுத்துக்காதீங்கம்மா, உங்களக் கால்வாய்க்கரைன்னு நாங்க சேக்கறதில்ல."

"அப்ப எங்கப்பா படுத்த படுக்கையா கிடந்தாரும்மா! தெருவுலயா போடச் சொல்றீங்க?"

"ஆளுக்கு ஒரு காரணம் இருக்கும். நான் குத்தம் சொல்லல. ஆனா அடையாளம்னு ஒண்ணு இருக்கு இல்ல?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல வந்தது. மூன்று தலைமுறைச் சட்டம் அநியாயம் என்று பக்கம் பக்கமாகக் காட்சி எழுதி வைத்திருக்கிறார்கள். அதே காட்சி கண் முன்னால் நடக்கிறது. வசனகர்த்தா மட்டும் குனிந்து அதைக் குறித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் போனால் கால்வாய்க்கரை மூஞ்சி, அந்தப் பக்கம் போனால் அடுக்குமாடி ஆள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள், மத்தளமாவது சத்தம் போடும். இவன் டீயை ஆற்றினான்.

கடைசியில் எல்லாருக்கும் சம்மதமான ஒரு முடிவு கிடைத்தது. சாம்பலன் கவசத்தைக் கழற்றவே மாட்டான். சபை எத்தனை கேட்டாலும் மௌனமாக நிற்பான். கூட்டம் எழுந்து, "நாங்கள் அத்தனை பேரும் சாம்பலன்" என்று முழங்கும். பெரிய நடிகர் இல்லை, யாருடைய முகமும் இல்லை. "முகமில்லாதவனுக்கு எல்லார் முகமும் பொருந்தும். அற்புதம்!" என்றார் இயக்குநர். செயலாளர் கைதட்டினார். தயாரிப்பாளர் கைதட்டினார். எல்லாரும் தட்டுகிறார்களே என்று என் தம்பியும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினான்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஒரே களேபரம். அவன் பெண்டாட்டி துவைத்த துணியைக் கொடியில் உதறிப் போட்ட வேகத்தில் இரண்டு கிளிப் தெறித்துப் பக்கத்து வீட்டுப் பால்கனியில் விழுந்தன.

"எங்கண்ணன் கிட்ட நான் என்ன சொல்றது? இந்தத் தடவ கண்டிப்பா முகம் தெரியும்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்."

"சொல்ல வேணாம்னுதானே சொன்னேன்" என்றான் தம்பி.

"நீங்க எதைத்தான் வேணும்னு சொல்லியிருக்கீங்க?"

"விடும்மா. நல்ல முடிவுதான். எல்லாரும் சாம்பலன்னா நானும் சாம்பலன்தானே?"

"டேய்!" என்று கத்திவிட்டேன். "மத்தவன் எல்லாம் பேச்சுக்குச் சாம்பலன்டா. நீ நெசத்துக்கு. அந்த ரப்பருக்குள்ள வெந்தது நீயா ஊரா?"

அவன் கழுத்தைத் தடவிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனான். பசை போட்டுப் போட்டு அவன் கழுத்தைச் சுற்றி ஒரு சிவப்புப் பட்டை நிரந்தரமாகவே விழுந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்த அவன் பெண்டாட்டி, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டாள்:

"அண்ணி, அந்தப் பசையை நீங்கதானே போடறீங்க?"

சபைக் காட்சி எடுக்கிற நாள். தளம் முழுக்கக் கீழ்த்தளத்து உடையில் கால்வாய்க்கரைச் சனங்கள். செயலாளரும் முதல் வரிசையில் சாம்பல் பூசிக்கொண்டு நின்றார். ஒப்பனை அறையில் தம்பிக்குக் கவசத்தை மாட்டினேன். கழுத்தில் பசையை ஒப்புக்குத் தொட்டுவிட்டு, விளிம்பைக் காலருக்குள் செருகினேன்.

"அக்கா, கழுத்துல பிடிக்கலையே" என்றான் உள்ளேயிருந்து.

"எனக்குத் தெரியும்."

கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவன் என்னைத்தான் பார்த்தான் என்று நினைக்கிறேன். "வேலை போயிடும்க்கா, உனக்கு" என்றான்.

"போனா மசுரு. எழுந்திரு."

படப்பிடிப்பு ஓடியது. சபைத் தலைவராக நடித்தவர் எழுந்து, "நீ யார்? எங்கே பிறந்தாய்? சபைக்குச் சொல்!" என்று முழங்கினார். தம்பி மேடையில் தனியாக நின்றான். மௌனமாக நிற்க வேண்டும், கூட்டம் எழ வேண்டும். கூட்டம் மூச்சை இழுத்துக்கொண்டு தயாராக இருந்தது.

அவன் இரண்டு கைகளையும் தூக்கிக் கவசத்தைக் கழற்றிவிட்டான்.

தலைமுடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. மூக்கில் ரப்பர் அழுத்திய தடம். முகம் முழுக்க வியர்வை. அத்தனை விளக்கும் அவன் மேல்தான் இருந்தது. நான் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று, இப்போது கத்துவார்கள், இப்போது கொண்டாடுவார்கள் என்று கையைப் பிசைந்துகொண்டு காத்திருந்தேன். ஊரே யாரைச் சட்டையில் போட்டுக்கொண்டு திரிந்ததோ அவன் முதல் தடவையாக முகத்தைக் காட்டுகிறான்!

தளம் கப்சிப் என்று ஆகிவிட்டது. பிறகு கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"யார்றா இவன்?"

"எங்க சாம்பலன் எங்க?"

"நான்தாங்க" என்றான் தம்பி. "நான்தாங்க அது." அந்தக் குரலும் அவர்களுக்குத் தெரியாத குரல்.

அன்றைக்கு ஏற இறங்கப் பார்த்த முகம் நினைவில்லாமல், செயலாளர் கையை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "ஏமாத்து வேலை! முகத்தைக் காட்டமாட்டோம்னு ஒத்துக்கிட்டு, யாரையோ நடுவுல நொழைக்கறாங்க! போலி!" அவ்வளவுதான், போலி, போலி என்று தளமே அதிர்ந்தது. யாரோ ஒரு தண்ணீர்ப் பாட்டிலை வீசினார்கள். அது அவன் தோளில் பட்டு உருண்டது. அவன் கவசத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நெசமா நான்தாங்க, நெசமா நான்தாங்க என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சொன்னான். அவர்களுக்கு அவனை அடிக்கிற வேகம் வந்துவிட்டது. பின்னால் பின்னால் நகர்ந்து, மேடைப் படியில் தடுக்கி, ஒரு கையை ஊன்றிக் கீழே இறங்கினான்.

நான் அப்ரனோடு உள்ளே ஓடினேன். "பாவிகளா, இவன்தாண்டா அவன்! என் தம்பிடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். யார் காதில் விழுந்தது? அவனை இழுத்துக்கொண்டு ஒப்பனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். நான்தான் அவனைக் கொண்டுபோய் அந்த மேடையில் நிறுத்தினேன். தோளில் வீங்கியிருந்தது. ஐஸ் வைத்தேன்.

வேலை போய்விட்டது, போகட்டும் என்று பெட்டியை மூடிக்கொண்டிருந்தபோது இயக்குநர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. அழுகிறாரே, மனுஷன்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"கிடைச்சிருச்சும்மா! இதைத்தான் நான் தேடிட்டிருந்தேன்!" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் மூச்சு விடாமல் பேசினார். சபைக்கு முதலில் ஒரு போலிச் சாம்பலன் வருகிறான். மேல்தளத்தார் அனுப்பிய கைக்கூலி. கவசத்தைக் கழற்றுகிறான். மக்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்து விரட்டுகிறார்கள். பிறகு அசல் சாம்பலன் கவசத்தோடு நடந்து வருகிறான், கூட்டம் எழுகிறது. "அந்தக் கூட்டத்தோட கோபம் இருக்கு பாரு, அதை எவனாலயும் நடிக்க வைக்க முடியாது. அந்தப் பயம், அந்தத் தடுமாற்றம்... உன் தம்பி பெரிய நடிகன்மா!"

"நடிக்கலய்யா அவன்!" என்றேன். "அவன் அசல்!"

"நெசத்துல அசல். கதையில போலி."

"முகத்தைக் காட்டறேன்னு வாக்குக் கொடுத்தீங்களே!"

"காட்டறேனேம்மா!" என்றார் அவர். ஏமாற்றவே இல்லை, உண்மையாகவே சந்தோஷப்பட்டுச் சொன்னார். இப்படிப்பட்ட ஆட்களிடம் என்ன சண்டை போடுவது? சுவரில் முட்டிக்கொண்டால் சுவராவது வலிக்குமோ என்று யோசிக்கும்.

தம்பியிடம் திரும்பினேன். "முடியாதுன்னு சொல்லுடா. உன் மூஞ்சியப் போலின்னு காட்டப் போறாங்கடா. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் பாத்துக்கறேன்."

தம்பி ஐஸ் பையைத் தோளிலிருந்து எடுத்தான். என்னைப் பார்க்காமல் இயக்குநரைப் பார்த்தான்.

"க்ளோசப் இருக்கா சார்?"

"முழுத் திரைக்குய்யா!"

வந்தவன் கதையில் வரும் போலிதான், இனி அசல் வருவான் என்று கூட்டத்துக்குச் சொல்லி அடக்கினார்கள். அரைமணி நேரத்தில் கவசத்தை ஒழுங்காக ஒட்டி அவனை மறுபடி அனுப்பினேன். அசல் சாம்பலனாக அவன் நடந்து வந்தபோது, சற்று முன் பாட்டில் வீசிய அதே கூட்டம் தொண்டை கட்டுகிற வரைக்கும் முழங்கியது. செயலாளர் அழுதுவிட்டார்.

படம் வெளியான அன்று குடும்பத்தோடு போனோம். அம்மா, தம்பி, அவன் பெண்டாட்டி, பாத்திரக்கடை அண்ணன் எல்லாரும் ஒரே வரிசையில். இடைவேளை வரைக்கும் சாம்பலன் வருகிற இடத்தில் எல்லாம் விசில் பறந்தது. தம்பி அதைக் கவனிக்கவே இல்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கையைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

சபைக் காட்சி வந்தது. கவசம் மேலே போனது. என் தம்பியின் முகம் சுவர் அளவுக்கு, கூரை அளவுக்கு விரிந்தது. நெற்றியில் ஒட்டிய முடி, வியர்வை, பயந்த கண், எல்லாம் தெரிந்தது. அழகாக இருந்தான். என் வயிற்றில் பிறக்காத பிள்ளை, எனக்கு அழகாகத்தான் இருப்பான். திரையில் கூட்டம் போலி என்று கத்த ஆரம்பித்ததும் தியேட்டரும் சேர்ந்து கத்தியது. "போலி! வெளிய போடா!" பாப்கார்ன் பொட்டலங்கள் திரையை நோக்கிப் பறந்தன. பாத்திரக்கடை அண்ணன் வாயில் கைவைத்து ஊளையிட்டான். தங்கை அவன் தொடையில் நறுக்கென்று கிள்ளியதும்தான் திரையை உற்றுப் பார்த்து, "அட, மாப்பிள்ள!" என்று வாயைப் பிளந்தான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா என்ன நடக்கிறது என்று புரியாமல், யார் யாரை ஏசுகிறார்கள் என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

எனக்கு எழுந்து நின்று அத்தனை பேரையும் அறைய வேண்டும் போல இருந்தது. அழுகிறானோ என்று தம்பியைத் தேடினேன். அவன் என் கையை இறுக்கிப் பிடித்தான்.

"அக்கா, நல்லாத் தெரியுதுல்ல?"

"தெரியுதுடா" என்றேன்.

அவன் என் கையை விட்டுவிட்டு மெல்ல எழுந்தான். திரையின் வெளிச்சம் முழுக்க அவன் முகத்தில் விழுந்தது. தன் முகத்தைத் தானே அண்ணாந்து பார்த்துக்கொண்டு, சுற்றிலும் காறித் துப்பாத குறையாகக் கத்துகிற கூட்டத்துக்கு நடுவில், வாயெல்லாம் பல்லாக நின்றான்.

"யோவ், உக்காருய்யா!" என்றது பின்வரிசை. "படம் மறைக்குது!"

"சாரிங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.